மண்டையோடுகளுக்கு முன்னால் ஒரு சுவர்

பாரிஸின் கட்டகோம்ப் என்ற நிலத்தடி எலும்புக் கிடங்குக்கு வருகிற கூட்டம் எலும்பைத் தேடி வருகிறது. 131 படி இறங்கியதும் வரும் நீண்ட வெற்றுப் பாதையை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த இடமே அதுதான். அங்கே சுவரில் எண், எழுத்து, ஆண்டு செதுக்கியிருக்கும். சில இடங்களில் தெருப்பெயரும்.

பாரிஸைக் கட்டிய சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அதன் காலடியிலேயே சுரங்கம் தோண்டி வெட்டியது. நகரம் வளர்ந்து, அந்தப் பொந்துகளின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. 1774-ல் ஒரு தெரு உள்வாங்கியது. 1777-ல் சுரங்கங்களைக் கவனிக்க அரசர் நியமித்த கியோமோ, தெருக்களுக்கு நேர் கீழே தாங்குசுவர்கள் எழுப்பி, மேலே இருக்கும் தெருவின் பெயரைக் கீழேயும் வெட்டவைத்தார். அவர் பெயரின் முதலெழுத்தான ‘ஜி’யைக் கண்டால் அவர் கட்டியது. மேலே பெயர் மாறிப்போன தெருக்கள் சில, கீழே இன்னும் பழைய பெயரோடுதான் இருக்கின்றன.

அதனால், இறங்கும் முன், நுழைவாயில் இருக்கும் டான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்தைச் சுற்றி, தெருப்பெயர்களைக் கவனித்தபடி அரை மணி நேரம் நடந்துவிடுங்கள். 20 மீட்டர் ஆழத்தில் செல்போன் வரைபடத்தை நம்ப முடியாது. கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்; உள்ளே எப்போதும் 14 டிகிரிதான். வெளியேறும் வாசல் வேறு தெருவில் இருக்கிறது, ஏறவும் 112 படி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வழியில் தெக்யூர் என்ற முன்னாள் படைவீரர் கல்லில் செதுக்கிய கோட்டையைத் தவறவிடாதீர்கள். சுரங்க வேலை போக மிஞ்சிய நேரத்தில், நினைவிலிருந்தே செதுக்கினாராம். அங்கேயே மண் சரிந்து இறந்தார். பிறகு வரும் சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகளில் முன்வரிசை மட்டும்தான் அடுக்கு. பின்னால் வெறும் குவியல்.

பார்வையாளர் பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். மீதிச் சுரங்கங்கள் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அங்கே நுழைய 1955 முதல் தடை. “ரகசிய வழி தெரியும்” என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அபராதம் கட்டிவிடலாம், தண்ணீர் தேங்கிய, கூரை தாழ்ந்த இருட்டில் வழி தவறினால் என்ன செய்வீர்கள்?

டிக்கெட் கிடைக்கவில்லையா? ஆல்மா பாலத்தருகே பாதாளச் சாக்கடை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கும் மேலே உள்ள தெருக்களின் பெயர்ப்பலகைகள் உண்டு, நாற்றமும் உண்டு. சாப்பிடும் முன் போவது நல்லது.