மைலோ டின்னும் பேரேடும்: பிள்ளைகளுக்குச் சக்தியைக் கற்பிக்கும் முறை



சிங்கப்பூர்ப் பள்ளிகளில் விஞ்ஞானப் பாடம் தொடக்கநிலை 3-ல் ஆரம்பமாகிறது. அப்பாடத்தின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று சக்தி. "சக்தி என்பது வேலை செய்யும் திறன்" என்று நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்து விடுகிறார்கள். "சரி, தலைக்கு மேலே சுற்றும் இந்த விசிறிக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? நிறுத்தினால் அது எங்கே போயிற்று?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. மார்க்கு எவ்வளவு என்று கேட்கிற நாம், என்ன விளங்கிற்று என்று கேட்பதில்லை. டியூஷனுக்குப் பணம் கொடுக்கிறோம். அரைமணி நேரம் கொடுப்பதில்லை.

மத்ரஸாவில் ஒளுச் செய்யும் முறையை ஏட்டில் மட்டும் படித்து யாரும் கற்றதில்லை. உஸ்தாது பிள்ளையைத் தண்ணீரின் அருகே உட்கார வைத்து, தாம் செய்து காட்டி, அவனையும் செய்ய வைக்கிறார். கை செய்ததை மனம் மறப்பதில்லை. விஞ்ஞானத்துக்கும் இதுவே வழி. 1206-ம் ஆண்டில் தம் நூலை எழுதி முடித்த அல்ஜஸரீ அவர்கள், தண்ணீரின் வேகத்தால் இயங்கும் கருவிகளைத் தம் கையாலேயே கட்டிப் பார்த்தவர். சக்தியை அளக்கும் அளவுக்குப் பெயர் கொடுத்த இங்கிலாந்து தேசத்து ஜேம்ஸ் ஜூல், தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கலாசாலையிலும் ஆசிரியர் பதவி வகித்தவரல்லர். 1845-ல் அவர், கீழே இறங்கும் எடைக்கல்லைக் கொண்டு தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுற்றவிட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். இறங்கிய எடையின் சக்தி, வெப்பமாக வரவு வைக்கப்பட்டிருந்தது.

வரவு என்ற சொல்லைக் காரணத்தோடுதான் எழுதினேன். சக்தியைப் பற்றிய முதல் விதி, வியாபாரிக்குப் புதிதல்ல. பேரேட்டில் ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். காசு கல்லாவிலிருந்து சரக்காகும், சரக்கு கடனாகும், கடன் மீண்டும் காசாகும். ஐந்தொகை மட்டும் சரியாக நிற்கும். சக்தியும் அப்படியே. அது ஆக்கப்படுவதுமில்லை, அழிவதுமில்லை. கணக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அதை ஆக்கவும் அழிக்கவும் வல்லவன் அல்லாஹ் ஒருவனே. இதைப் பிள்ளைக்கு விளக்க நம்மைவிடத் தகுந்தவர் யார்?

இனி, கடையிலும் வீட்டிலும் உள்ள பொருள்களால் செய்யக்கூடிய நான்கு பாடங்களைத் தருகிறேன்.

முதற் பாடம்: திரும்பி வரும் டின். காலி மைலோ டின் ஒன்றின் அடியிலும் மூடியிலும் நடுவே ஒவ்வொரு துளை இடுங்கள். நீளமான ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே செலுத்தி, இரு முனைகளையும் வெளியே தீக்குச்சியால் தடுத்து ஒட்டிவிடுங்கள். ரப்பரின் நடுவில் கனமான இரும்பு நட்டு ஒன்றைத் தொங்குமாறு கட்டுங்கள். அது டின்னின் சுவரில் படக்கூடாது. இப்போது டின்னைத் தரையில் உருட்டச் சொல்லுங்கள். போகும், நிற்கும், பிறகு யாரும் தொடாமலே திரும்பி வரும். பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். அப்போது கேளுங்கள்: திருப்பி அனுப்பியது யார்? டின் உருளும்போது நட்டு தன் கனத்தால் உருளாமல் தொங்குகிறது. ஆகவே ரப்பர் முறுக்கேறுகிறது. கை கொடுத்த சக்தி ரப்பரில் சேமிப்பாக இருந்து, மறுபடி ஓட்டமாக வெளிவருகிறது. அடுத்த கேள்வியே முக்கியமானது: டின் புறப்பட்ட இடம்வரை ஏன் வந்து சேரவில்லை? கணக்கில் குறைந்தது எங்கே? தரையில் உராய்ந்தும், ரப்பருக்குள்ளும் வெப்பமாகப் போனது. கொஞ்சம் ஓசையாகவும் போனது. தொலையவில்லை, நம்மால் திரும்ப வசூலிக்க முடியாத கணக்கில் சேர்ந்துவிட்டது.

இரண்டாம் பாடம்: கறுப்பும் வெள்ளையும். ஒரே மாதிரியான இரண்டு டின்களில் ஒன்றுக்குக் கறுப்புக் காகிதமும் மற்றதற்கு வெள்ளைக் காகிதமும் சுற்றி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு வெப்பமானியால் அளக்கச் சொல்லுங்கள். கறுப்பு டின்னின் தண்ணீரே அதிகம் சூடாயிருக்கும். வெள்ளை, ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்பு வாங்கி வைத்துக்கொள்கிறது. நம் ஊரில் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-ல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியப் பலகைகளைப் பற்றி இங்கே சொல்லலாம். 45 ஹெக்டேர் பரப்பில் 1,22,000 பலகைகள் இருக்கின்றன. அங்கே வெயிலின் ஒளி சூடாக்கப் பயன்படுவதில்லை, நேரே மின்சாரமாகிறது என்ற வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் பாடம்: எலுமிச்சம்பழ மின்சாரம். நான்கு எலுமிச்சம்பழங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பியும், துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும் ஒன்றையொன்று தொடாதபடி குத்துங்கள். ஒரு பழத்தின் ஆணியை அடுத்த பழத்தின் செம்போடு கம்பியால் இணைத்து வரிசையாக்கினால், சிவப்பு நிறச் சிறு எல்.இ.டி. விளக்கொன்று இருட்டறையில் மங்கலாக எரியும். விளக்கின் நீண்ட கால் செம்புப் பக்கம் இருக்க வேண்டும். "சக்தி பழத்தில் இருக்கிறது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஆணியின் துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரைகிறது. செலவாகும் முதல் அதுவே. பழச்சாறு இடையில் நிற்கும் தரகர்தான். உலோகம் கரைந்த அந்தப் பழத்தைப் பிறகு யாரும் உண்ணக்கூடாது.

நான்காம் பாடம்: ஒரு பிஸ்கட்டின் விலை. பிஸ்கட் பொட்டலத்தில் சக்தியின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பிஸ்கட்டில் சுமார் 200 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ எடையுள்ள பிள்ளை 10 மீட்டர் உயரம், அதாவது மூன்று நான்கு மாடி, படியேறினால் அவனைத் தூக்க ஆகும் சக்தி 3 கிலோஜூல் மட்டுமே. அப்படியானால் ஒரு பிஸ்கட்டுக்கு அறுபது தடவைக்கு மேல் ஏறலாமே! ஆனால் நம் உடல், தின்றதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது, மற்றது வெப்பமாகிறது. வியர்ப்பது இதனால்தான். ஆக, பதினாறு தடவை. பிள்ளைகளை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மிச்சம் பதினாலை அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

அதே கணக்கை மின்சாரப் பில்லுக்குக் கொண்டுவாருங்கள். பில்லில் உள்ள ஒரு யூனிட் 3,600 கிலோஜூல். அந்தப் பிள்ளை 1,200 தடவை மாடியேறுவதற்குச் சமம்! 1,000 வாட் கெட்டில் ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். கடையில் பழைய 60 வாட் பல்புகள் இருபது, நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் 14.4 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் போட்டால் 2.16 யூனிட். இந்தப் பெருக்கலைப் பிள்ளையே செய்யட்டும். வீண்விரயம் கூடாது என்று நாம் ஆயிரம் முறை சொல்வதைவிட, அவன் எழுதிய இந்த ஒரு வரி அவனுக்கு உறைக்கும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் இயற்கை வாயுவை எரித்தே கிடைக்கிறது என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

நடத்துகிறவர் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, செய்வதற்கு முன் "என்ன நடக்கும்?" என்று கேட்டு, ஒவ்வொருவர் ஊகத்தையும் எழுதி வாங்குங்கள். இரண்டு, ஊகம் பிழைத்தால் சிரிக்காதீர்கள். பிழைத்த ஊகத்திலிருந்துதான் பாடம் பிறக்கிறது. மூன்று, துளையிடுவதைப் பெரியவர்களே செய்யுங்கள். சுவரில் உள்ள மின்சாரத்தை எந்தப் பரிசோதனைக்கும் தொடவிடாதீர்கள். பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக உட்கார வைக்காமல், அவர்கள் கையிலும் ஒரு டின்னைக் கொடுங்கள்.

யாஸீன் சூராவில், பச்சை மரத்திலிருந்து நெருப்பை உண்டாக்கித் தந்ததை அல்லாஹ் நமக்கு நினைவூட்டுகிறான். வெயிலை இலை வாங்குகிறது, மரம் சேமிக்கிறது, அடுப்பில் அது வெளிவருகிறது. ஓதுகிற பிள்ளை இதைச் சிந்தித்து ஓதினால் எவ்வளவு நலம்!

ஆகவே சகோதரர்களே, விடுமுறை நாள் மத்ரஸா முடிந்தபின் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கும்படி சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு அதிகமில்லை, காலி டின்கள் நம் கடைகளில் நிறையக் கிடக்கின்றன. வேண்டியது, கல்லாவை விட்டு எழுந்து வரும் ஒரு தகப்பன். அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.