வெள்ளிமலை மாணவிக்கு, 'கெட்' என்ற வினைச்சொல் குறித்து

அன்பு மகளே,

'கெட்' என்ற ஒரே சொல்லுக்கு அகராதி பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறதே, இதை எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். மனப்பாடம் செய்யவே வேண்டாம். அந்தப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஓடுவது ஒன்றுதான்: முன்பு இல்லாத ஒன்று இப்போது வந்து சேர்கிறது. வந்து சேர்வது பொருளாக இருந்தால் தமிழில் 'கிடைத்தது', 'வாங்கினேன்' என்போம். நிலையாக இருந்தால் 'ஆனது', 'வந்தது' என்போம். இடமாக இருந்தால் 'போய்ச் சேர்ந்தேன்' என்போம். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'கெட்' ஒன்றே போதும்.

'ஐ ஆம் ஆங்ரி' என்றால் கோபமாக இருக்கிறேன். 'ஐ காட் ஆங்ரி' என்றால் எனக்குக் கோபம் வந்தது. 'ஷீ இஸ் மேரீட்' அவள் மணமானவள் என்று சொல்கிறது. 'ஷீ காட் மேரீட்' கல்யாணம் நடந்ததைச் சொல்கிறது. (யாரோடு என்று சொல்ல வரும்போது 'மேரீட் டு' என்று எழுது. நம் 'உடன்' என்பதை நினைத்து 'வித்' போடுபவர்கள் அதிகம்.) இருப்பதற்கும் ஆவதற்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழ் பேசும் உனக்குப் புதிதல்ல.

தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். தமிழில் கிடைப்பதும் வருவதும் புரிவதும் யாருக்கோ, அவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, எனக்குப் புரிந்தது. வேலையும் காய்ச்சலும் எழுவாய். நான் அதைப் பெறும் இடத்தில் நிற்கிறேன். ஆங்கிலம் ஆளைத் தூக்கி முன்னால் வைக்கிறது: 'ஐ காட் எ ஜாப்', 'ஐ காட் எ ஃபீவர்', 'ஐ காட் இட்'. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'க்கு' உதிர்ந்துவிட வேண்டும். மரச்சிற்பமே எழுவாயாகிக் குறியீட்டைப் பெறும்.

ஆனால் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதே, அந்த 'ஆனது'க்கு 'காட்' போடாதே. 'ஆகு' என்ற பொருளில் 'கெட்' பண்புச் சொல்லோடு மட்டுமே சேரும்: காட் டயர்ட், காட் வெட், காட் கோல்ட். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'பிகேம்' வேண்டும். 'மை பிரதர் பிகேம் எ டாக்டர்' என்றால் அண்ணன் டாக்டர் ஆனார். அங்கே 'காட்' போட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை, அண்ணன் போய் டாக்டரை அழைத்து வந்தார் என்று பொருளாகிவிடும்.

இப்போது வடிவங்கள். வி-ஒன் கெட், வி-டூ காட், வி-த்ரீயும் காட். இதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். எழுதும்போது 'ஐ டிடின்ட் காட்' என்று எழுதிவிடுகிறார்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்திய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

'கிடைக்கவில்லை' என்ற சொல்லைப் பிரித்துப் பார். 'கிடைக்க' காலம் காட்டுவதில்லை. மறுப்பை 'இல்லை' சுமக்கிறது. 'கிடைத்தவில்லை' என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலமும் இதே வழிதான்: காலத்தையும் மறுப்பையும் 'டிடின்ட்' எடுத்துக்கொள்கிறது, வினை வெறும் 'கெட்'டாக நிற்கிறது. 'டிடின்ட் காட்' என்று எழுதுவதும் 'கிடைத்தவில்லை' என்று எழுதுவதும் ஒன்றே. கேள்வியில் மட்டும் தமிழ் நமக்குத் துணைக்கு வராது. 'கிடைத்ததா?' என்னும்போது காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் 'டிட் யூ காட்' நாக்கில் அவ்வளவு சுலபமாக வருகிறது. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலம் அங்கேயே முடிந்தது. 'டிட் யூ கெட் மை லெட்டர்?' என்பதே சரி.

அடுத்து, நீ கேட்ட பஸ் விஷயம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலையில் இறங்குகிறாய். ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. மலைக் கிராமத்துக்கு ஜீப்பில் போனால் ஏறுவது 'கெட் இன்ட்டூ', இறங்குவது 'கெட் அவுட் ஆஃப்'. எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், கப்பல், விமானத்துக்கு ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காரும் கார், ஆட்டோ, ஜீப்புக்கு இன்ட்டூ, அவுட் ஆஃப். மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் மறுபடி ஆன், ஆஃப். நம் ஊரில் எல்லோரும் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியா முழுக்கப் புரியும், பேச்சில் அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டார் காதில் அது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கு என்று விழும். பரீட்சையில் 'கெட் ஆஃப்' என்றே எழுது.

பிறரைக்கொண்டு ஒரு வேலையை முடிப்பதற்கும் இதே சொல்தான். உன் கம்யூனிட்டி சர்டிபிகேட்டையே எடுத்துக்கொள். தாலுகா ஆபீஸில் வாங்கினாய்: 'ஐ காட் மை சர்டிபிகேட்'. அதைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டாய்: 'ஐ காட் மை சர்டிபிகேட் லேமினேட்டட்'. பொருளின் பெயர் முன்னால், வி-த்ரீ பின்னால்; லேமினேட் செய்தவர் கடைக்காரர். நீ போகாமல் தம்பியிடம் நயமாகப் பேசி அவனை அனுப்பினாய்: 'ஐ காட் மை பிரதர் டு கோ'. இங்கே 'டு' கட்டாயம். அதட்டி அனுப்பியிருந்தால் 'ஐ மேட் மை பிரதர் கோ'. அதில் 'டு' வராது. கெஞ்சியதா, அதட்டியதா என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

'ஐ ஹேவ் காட் எ பென்' பார்வைக்கு முடிந்துபோன காலம் போலத் தெரியும். பொருள் 'என்னிடம் பேனா இருக்கிறது' என்பதுதான். அமெரிக்கப் புத்தகங்களில் 'காட்டன்' என்று பார்த்தால் அச்சுப் பிழை என்று நினைக்காதே. அது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வழங்கி, பின்பு அங்கே அருகிப்போய், அமெரிக்காவில் தங்கிவிட்ட பழைய வி-த்ரீ. 'ஃபர்கெட், ஃபர்காட், ஃபர்காட்டன்' என்று நாம் படிக்கும் வரிசையில் அந்த வால் இன்னும் இருக்கிறது. அமெரிக்கர்கள் கையில் இருப்பதற்கு 'ஹேவ் காட்', புதிதாக வந்து சேர்ந்ததற்கு 'ஹேவ் காட்டன்' என்று பிரித்துப் பேசுவார்கள். நமக்குச் சொல்லித்தருவது பிரிட்டிஷ் வழக்கு; நீ 'காட்' என்றே எழுது.

மீதிப் பொருள்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் மலையில் கடுக்காய் பொறுக்குவது, மரவள்ளி பிடுங்கி வண்டியேற்றுவது, மழையில் நனைந்து பள்ளிக்கு வருவது என்று நீ பார்த்தவற்றை வைத்துப் பத்து வாக்கியம் எழுது. ஒவ்வொன்றிலும் 'கெட்' வர வேண்டும். இரண்டு வாக்கியம் மறுப்பாகவும் இரண்டு கேள்வியாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே, வந்து சேர்ந்தது பொருளா, நிலையா, இடமா என்று தமிழில் குறித்து அனுப்பு. எந்த வகையிலும் அடங்காத வாக்கியம் வந்தால் அதை அடிக்காமல் அப்படியே விட்டு வை. அடுத்த கடிதத்தை அதிலிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்