“ஏன் போனாங்க?” – ஒரு கேள்வியை மாற்றிய மூன்று பாடவேளைகள்

2025 ஜூன், பள்ளி திறந்த முதல் வாரம். பத்தாம் வகுப்பில் நுழைந்தபோது இரண்டு தீர்ப்புகளைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மே 13 அன்று பொள்ளாச்சி வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்திருந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்காக, ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறை விதித்தது.

“நல்ல தண்டனைங்க டீச்சர்” என்றான் ஒரு மாணவன். அடுத்த மூச்சிலேயே, “ஆனா அந்தப் புள்ளைங்க ஏனுங்க டீச்சர் அங்க போனாங்க?” என்றும் கேட்டான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒருவன் தினமும் பின்னால் வருகிறான் என்று சொல்ல வந்த மாணவியிடம், “நீ எதுக்கு அந்த வழியில போற?” என்று நானே கேட்டிருக்கிறேன். அதன்பின் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. பொள்ளாச்சியில் பெண்களிடம் பழகி, நம்பவைத்து, தனியிடத்துக்கு அழைத்துச் சென்று வன்கொடுமை செய்தார்கள். அதைக் காணொளியாக எடுத்து வைத்து மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் தந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. வீட்டுக்குத் தெரிந்தால், ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம்தான் மிரட்டியவர்களின் ஆயுதம். அந்த ஆயுதத்துக்குச் சாணை பிடித்துக் கொடுத்தது நம் ஊர்ப் பேச்சு. அப்போது எங்கள் பகுதியில் பல வீடுகளில் மகளின் கைப்பேசியை வாங்கி வைத்தார்கள். மகனின் கைப்பேசியை யாரும் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டு வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே கசிந்தது. பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலும், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை வழியாகவும் விவரங்கள் வெளியாயின. இரண்டிலும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதையும் மீறிப் பெண்கள் சாட்சி சொன்னதால்தான் தண்டனை கிடைத்தது.

நம் மாணவர்கள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரிக்குள் நுழைவார்கள். அங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கும். ஆனால் புகார் சொல்லத் துணியும் பெண்ணும், அவளை நம்பும் நண்பர்களும் பள்ளியில்தான் உருவாக வேண்டும். அதற்காக நான் நடத்திய மூன்று பாடவேளைகள் இவை.

முதல் பாடவேளை: கேள்வியை மாற்றுதல். “ஏன் போனாங்க?” என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். “கண்ணபுரம் சந்தையில் காளை திருட்டுப் போனால், அதை ஏன் ஓட்டி வந்தாய் என்று உரியவரைக் கேட்போமா?” என்றேன். பின் வரிசை மாணவி எழுந்து, “மாடு சொத்துங்க டீச்சர். நாங்க சொத்தா?” என்றாள். அவள் சொன்னதே சரி. அந்த எடுத்துக்காட்டை அழித்துவிட்டேன். பிறகு மாணவர்களே குழுவாகப் பேசி எழுதிய கேள்வி: “அவங்க வேண்டாம்னு சொன்ன பிறகும் அவன் ஏன் நிறுத்தல?”

இரண்டாம் பாடவேளை: வேடிக்கை எங்கே குற்றமாகிறது? சுவரில் பெயர் எழுதுவது, பட்டப்பெயர் வைப்பது, பின்னாலேயே போவது, படத்தைப் பகிர்வது என நான்கு சூழல்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். விருப்பமில்லாத பெண்ணை விடாமல் பின்தொடர்வது திரைப்படத்தில் காதலாகத் தெரியலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் அது குற்றம். அந்தரங்கக் காணொளி வந்தால் பகிராமல் நிறுத்துபவனே நண்பன் என்று மாணவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

மூன்றாம் பாடவேளை: தோழி சொன்னால் என்ன சொல்வது? மூன்று வாக்கியங்களைப் பழகினோம். “நான் உன்னை நம்பறேன். இது உன் தப்பு இல்லை. யாருகிட்ட சொல்லலாம்னு சேர்ந்து யோசிப்போம்.”

ஆசிரியர் கவனத்துக்குச் சில. இப்பாடத்தின்போது எந்த மாணவியையும் சொந்த அனுபவம் சொல்லக் கேட்காதீர்கள். யாரேனும் தனியே வந்து சொன்னால் குறுக்கு விசாரணை வேண்டாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியும் வேண்டாம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை, மறைப்பது குற்றம். 1098, 14417 ஆகிய எண்களை வகுப்பறையில் எழுதி வையுங்கள். மாணவியின் பெயர் ஆசிரியர் அறைப் பேச்சாகிவிடக் கூடாது.

மூன்றாம் நாள் பெயர் எழுதாமல் கருத்துச் சீட்டு வாங்கினேன். ஒன்றில், “எங்க அக்காவக் காலேஜ் அனுப்ப வேண்டாம்னு அப்பா சொல்றாரு. நான் பேசிப் பாக்கறேன்” என்று இருந்தது. எழுதியவன் யாரென்று நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டை மட்டும் என் பாடக்குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.