லீக் நடத்தப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்த கையோடு எமது ஊர் வாலிபர்கள் நால்வர் வந்து நின்றனர். ஒருவர் கையில் ஒரு கொப்பி.

"நானா, பலாபத்வலயில ஒரு லீக் செய்யப் போறோம். எல்.பி.எல். மாதிரி. எட்டு டீம், பத்து ஓவர், மென்பந்து. ஒங்கட கடைப் பேரப் பெரிசாப் போடுறோம்" என்றார் அவர்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதற்பரிசு இரண்டு இலட்சம், இரண்டாம் பரிசு ஒரு இலட்சம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வரவுப் பக்கத்தில் அணிக்கு 10,000 ரூபா வீதம் 80,000 ரூபா. அதற்குக் கீழே "மிச்சம் அனுசரணை" என்று ஒரே ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. அணிக்கு 12 வீதம் 96 டீ சேர்ட்டுகளை நான் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். காசு எப்போது என்று கேட்டேன். "பைனல் முடிஞ்ச ஒடனே நானா" என்றார்கள். ஒரு வாரம் தவணை கேட்டு அனுப்பிவைத்தேன்.

நான் தயங்கியதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் நடந்த சுற்றுப்போட்டிக்கு 700 ரூபா வீதம் 110 டீ சேர்ட்டுகளைக் கடனுக்கு அச்சடித்துக் கொடுத்தேன். முற்பணமாகக் கிடைத்தது 20,000 ரூபா. இரண்டாம் நாள் மழை வந்தது, பின்னர் சண்டை வந்தது, போட்டி நின்றது. மிச்சம் 57,000 ரூபா இன்றுவரை வரவில்லை. அதில் பாதி டீ சேர்ட்டுகள் என் கடையிலேயே கிடந்தன. பெயர் அச்சடித்த டீ சேர்ட்டை வேறு யாருக்கு விற்பது?

எனவே அந்த ஒரு வாரத்தில், பெரிய லீக்குகள் எப்படித் திட்டமிடப்பட்டன, எங்கே சறுக்கின என்பதைத் தேடிப் படித்தேன். கிரிக்கெட் பிடிக்காத வர்த்தக சகோதரர்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இவ்வாரம் எழுதுகிறேன்.

வராத வாடிக்கையாளரிடம் கேளுங்கள்

இருபதுக்கு20 போட்டி பிறந்தது இந்தியாவில் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்தது இங்கிலாந்தில். 2002ஆம் ஆண்டுடன் அங்கு பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் கிண்ணப் போட்டி முடிவுக்கு வந்தது. அந்த இடத்தை நிரப்ப என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, இங்கிலாந்துக் கிரிக்கெட் சபையின் சந்தைப்படுத்தல் பொறுப்பாளர் ஸ்டுவர்ட் ரொபட்சன், மைதானத்துக்கு வராத மக்கள் ஏன் வருவதில்லை என்று ஆய்வு செய்வித்தார். விளையாட்டு பிடிக்கும், நாள் முழுக்க உட்கார நேரமில்லை என்பதே பலரின் பதில். வேலை முடிந்து வந்து மூன்று மணித்தியாலத்தில் பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஆட்டம் அப்படித்தான் உருவானது. கவுண்டிகள் அதனை 11க்கு 7 என்ற வாக்குகளில்தான் ஏற்றுக்கொண்டன. 2003 ஜூனில் முதல் ஆட்டங்கள் நடந்தன. அடுத்த வருடமே லோர்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ், சரே அணிகள் மோதிய ஆட்டத்துக்கு 27,509 பேர் வந்தார்கள்.

எமது வாலிபர்கள் யாரிடமும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கடைத்தெருவில் பெரும்பாலானோர் சொன்னது, காலையில் வர முடியாது, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகென்றால் வரலாம் என்பதுதான். அப்படியானால் கூட்டம் சேரக்கூடிய ஆட்டத்தைப் பின்னேரத்தில் போட வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பந்து வீசுமுன் பணம்

ஐ.பி.எல். முதற் பந்து வீசப்பட்டது 2008 ஏப்ரல் 18ஆம் திகதி. ஆனால் அந்த ஜனவரியிலேயே பத்து வருடத் தொலைக்காட்சி உரிமை நூறு கோடி டொலருக்கு மேல் விலைபோய்விட்டது. எட்டு அணிகளும் ஏலத்தில் 72 கோடி டொலருக்கு மேல் கொண்டுவந்தன. ஆட்டம் நன்றாக இருக்குமா என்பது தெரியுமுன்பே செலவுக்குப் பணம் ஒப்பந்தமாகி இருந்தது.

எமது நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீ லங்கா பிரீமியர் லீக் 2011இல் நடக்கவிருந்தது. நடத்தும் உரிமை சிங்கப்பூர் நிறுவனமொன்றின் கையில் இருந்தது. தனியார் நிறுவனம் நடத்தும் போட்டி என்று காரணம் காட்டி இந்தியக் கிரிக்கெட் சபை தனது வீரர்களுக்கு அனுமதி மறுத்தது. போட்டி ஒரு வருடம் தள்ளிப்போனது. 2012 ஓகஸ்டில் ஏழு அணிகளுடன் கொழும்பிலும் பல்லேகலவிலும் நடந்து, ஊவா நெக்ஸ்ட் சம்பியனானது. 2013இல் அணி உரிமையாளர்கள் வங்கி உத்தரவாதத்தைச் சமர்ப்பிக்கத் தவறியதால் போட்டி நின்றது. அந்த லீக் பிறகு எழும்பவே இல்லை. அடுத்ததாக லங்கா பிரீமியர் லீக் வர 2020ஆம் ஆண்டு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. உங்கள் வியாபாரத்துக்கு அத்தியாவசியமான ஒன்று இன்னொருவர் கையில் இருந்தால், அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பின்னரே அறிவித்தல் ஒட்டுங்கள். எமது வாலிபர்களுக்கு அது மைதானம். "சேர் ஓம் எண்டு சொன்னார்" என்பது அனுமதியாகாது. மற்றது, வாக்குறுதியை வரவில் எழுதாதீர்கள். கைக்கு வந்ததும் வங்கிக்கு வந்ததும் மாத்திரமே வரவு.

ஐந்து போட்டிகளில் ஐந்து பெயர்கள்

பலாபத்வலயிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் தம்புள்ளை. மாத்தளை மாவட்டத்துக்கென்று எல்.பி.எல்.லில் இருந்த அணி அந்த ஊரின் பெயரைத் தாங்கியதுதான். அதன் பெயர்களை எண்ணிப் பாருங்கள். 2020இல் தம்புள்ள வைகிங். 2021இல் ஜயன்ட்ஸ். 2022, 2023இல் ஓரா. 2024இல் தண்டர்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வருடம் மே மாதம் அணி உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்கவில் கைதாக, ஒப்பந்தம் இரத்தாகி, புதிய உரிமையாளரின் கீழ் சிக்ஸர்ஸ் ஆனது.

அந்தப் பெயர்களில் தொப்பியோ கொடியோ டீ சேர்ட்டோ வாங்கி அடுக்கிய ஒரு சிறு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பழைய சரக்கு. இரசிகனுக்கும் ஓர் அணியுடன் ஒட்டுறவு வளரப் பல வருடங்கள் வேண்டும். வருடா வருடம் பெயர்ப்பலகை மாறும் கடைக்கு நிரந்தர வாடிக்கையாளர் எப்படி வருவார்?

வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. யாழ்ப்பாண அணி ஐந்து போட்டிகளில் நான்கை வென்றது. அப்படியிருந்தும் ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று கூறி 2025இல் ஸ்ரீ லங்கா கிரிக்கெட் அதன் உரிமையாளரின் ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. கிண்ணம் வேறு, கணக்கு வேறு.

சூது பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆட்ட நிர்ணயம் இந்நாட்டில் குற்றம். ஊர்ப் போட்டியில் யார் அதைச் செய்யப் போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். மரத்தடியில் தொலைபேசியில் பந்தயம் கட்டுபவன் ஊரிலும் இருக்கிறான். பந்தய நிறுவனத்தின் அனுசரணை எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம் என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதச் சொன்னேன்.

பஸ் சாரதியின் பாடம்

2025 பெப்ரவரியில் பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில் ஒரு சம்பவம். துர்பார் ராஜ்ஷாஹி அணி வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுபடவில்லை. அவர்களை ஏற்றி இறக்கிய பஸ்ஸின் சாரதிக்கும் பாக்கி. அவர் வீரர்களின் விளையாட்டுப் பைகளை பஸ்ஸுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காசு தந்தால் திறக்கிறேன் என்றார். அதே வருடம் ஒக்டோபரில் ஸ்ரீநகரில் இந்தியன் ஹெவன் பிரீமியர் லீக் என்று ஒரு போட்டி தொடங்கியது. கிரிஸ் கெய்லின் பெயரெல்லாம் இருந்தது. நவம்பர் முதல் நாட்களில் ஏற்பாட்டாளர்கள் ஊரைவிட்டே போய்விட, வீரர்களும் நடுவர்களும் ஹோட்டலில் சிக்கிக்கொண்டனர். ஹோட்டல் பில் கட்டப்படவில்லை.

இரண்டிலும் கடைசியாக அகப்படுபவர் யார்? பஸ்காரர், ஹோட்டல்காரர், எம்மைப் போன்றவர்கள். சாரதிக்காவது பிடித்துவைக்கப் பைகள் இருந்தன. சாப்பாடு கொடுத்தவர் எதைப் பிடித்துவைப்பார்?

திருத்திய கொப்பி

அடுத்த வெள்ளிக்கிழமை நால்வரும் வந்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்கை மீண்டும் போட்டோம்.

எட்டு அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தால் 12 ஆட்டங்கள். அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. மொத்தம் 15. ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு ஆட்டம், லுஹருக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு ஆட்டம். இரண்டு சனி, ஞாயிறுகளில் முடிந்துவிடும்.

செலவு: மைதானம் 20,000. பந்து 12,000. நடுவர்கள் 45,000. புள்ளி பதிவாளர் 15,000. ஒலிபெருக்கியும் கூடாரமும் 48,000. கிண்ணம், பதக்கம் 30,000. சாப்பாடு, தேநீர், தண்ணீர் 32,000. முதலுதவியும் முச்சக்கர வண்டியும் 12,000. மழை வந்தால் என்று 26,000. மொத்தம் 240,000 ரூபா.

வரவு: அணிக்கு 12,500 வீதம் 100,000. எட்டுக் கடைகள் 15,000 வீதம் 120,000. நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்கு இட வாடகை 20,000. மொத்தம் அதே 240,000. ஒரு பெரிய முதலாளியை நம்புவதை விட எட்டுச் சிறு கடைகளை நம்புவது பாதுகாப்பு. ஒன்று விலகினாலும் போட்டி நிற்காது. பரிசுப் பணம் தனி. பிரதான அனுசரணை கைக்கு வந்த பின், வந்த அளவுக்கே அறிவிப்பது. இப்போதைக்கு அது 60,000.

"ரெண்டு லட்சம் போடாட்டி டீம் வராது நானா" என்றார் ஒருவர். இரண்டு இலட்சம் என்று ஒட்டிவிட்டு மேடையில் வெறும் உறையைக் கொடுத்தால் அடுத்த வருடம் எந்த டீம் வரும் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் பேசினோம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இப்பக்கம் மழையை நம்ப முடியாது. மிளகுப் பணம் ஊரில் புழங்கும் நாட்களாகவும் நோன்பு இல்லாத நாட்களாகவும் பார்த்துத் திகதி போடுவதென முடிவாயிற்று.

பொருள் கொடுக்கும் சகோதரர்களுக்கு

லீக் என்றில்லை, திருமண மண்டபம், கண்காட்சி, பாடசாலை விழா எதுவானாலும் இவற்றைக் கவனியுங்கள்.

1. கையெழுத்திடுபவர் யார்? சங்கத்தின் பெயர் போதாது. பொறுப்பேற்கும் இருவரின் கையெழுத்து வேண்டும். கடனை எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அது நமக்குக் கட்டளையிடப்பட்ட விடயம்.

2. பெயர் அச்சடிக்கும் பொருளுக்கு முழுப்பணமும் முன்கூட்டியே. அதனை வாங்க வேறு ஆள் இல்லை.

3. சாப்பாடு, கூடாரம், வாகனம் போன்றவற்றுக்கு அரைவாசி முற்பணம், மிச்சம் அரையிறுதிக்கு முன். இறுதிப் போட்டி முடிந்தபின் மைதானத்தில் யாரும் நிற்கமாட்டார்கள்.

4. மழையால் நின்றால் யாருக்கு நட்டம் என்பதை முதலே பேசுங்கள்.

நான் கடைப் பங்காக 15,000 ரூபா கொடுத்தேன். டீ சேர்ட் கடனுக்கு இல்லை என்றேன். அணிகள் தம் செலவில் எடுப்பதாக முடிவாயிற்று. வருடத்தையும் அனுசரணையாளர் பெயரையும் போடாமல் அணியின் பெயரை மட்டும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடமும் உடுக்கலாம்.

இதை எழுதும்போது எட்டில் ஐந்து கடைகள் பணம் கட்டிவிட்டன. போட்டிக்குப் பதினான்கு நாட்களுக்கு முன் 240,000 ரூபாவும் கணக்கில் இல்லையென்றால் பிற்போடுவது என்று கொப்பியில் எழுதி நால்வரும் ஒப்பமிட்டுள்ளனர். அதில் ஒருவர் என் தங்கையின் மகன். அன்று வந்து கெஞ்சினாலும் நான் அதே வரியைத்தான் காட்டுவேன். போட்டியைப் பிற்போட்டால் ஊர் ஒரு கிழமை பேசும். பாக்கி வைத்தால் பல வருடம் பேசும்.