எண்ணுக்குள் அடங்குமா இறைப்பற்று?

அறிவுத்திறனையும் அச்சத்தையும் அளக்க முற்பட்ட உளவியல் துறை, சமயப் பற்றையும் விட்டுவைக்கவில்லை. கிறிஸ்துவ சமயத்தின்பால் சிறுவர்கள் கொண்டுள்ள மனப்பாங்கை அளப்பதற்கு இங்கிலாந்தில் உருவான ஓர் அளவுகோலை இக்கட்டுரையில் அறிமுகப்படுத்த விழைகிறேன். ஆய்வேட்டுக்காக வினாநிரல் தயாரிக்கவிருக்கும் மாணவ நண்பர்களுக்கு அதில் நல்ல பாடங்கள் உள்ளன என்பது உளவியல் பயின்றவன் என்ற முறையில் என் கருத்து.

மனப்பாங்கு என்பது யாது?

ஒன்றின்மீது நமக்குள்ள விருப்பு வெறுப்பின் சாய்வையே மனப்பாங்கு என்கிறோம். அறிவு வேறு, பழக்கம் வேறு, மனப்பாங்கு வேறு. விவிலியக் கதைகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவனுக்கு அவற்றில் ஈடுபாடு இல்லாமல் இருக்கலாம். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் சிறுமி பெற்றோருக்கு அஞ்சிச் செல்லலாம். ஆகவே, தேர்வுத் தாளோ வருகைப் பதிவேடோ மனப்பாங்கைக் காட்டிவிடாது.

தேவாலயத்தின்பால் மக்கள் கொண்ட மனப்பாங்கை அளக்கும் முயற்சியை தர்ஸ்டனும் சேவும் 1929இல் நூலாக வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை படிநிலைகளில் விடையளிக்கும் எளிய முறையை லிக்கர்ட் 1932இல் வகுத்தார். இம்முறையைக் கையாண்டு, 1978இல் லெஸ்லி பிரான்சிஸ் தமது அளவுகோலை வெளியிட்டார். அதில் 24 கூற்றுகள் உள்ளன. இறைவன், இயேசு, விவிலியம், வழிபாடு, தேவாலயம், பள்ளியில் நடைபெறும் சமயப் பாடம் ஆகியவற்றைப் பற்றிய உணர்வை அவை கேட்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயது இளையருக்கும் ஒரே தாள்தான். எனவே சொற்கள் எளியவை, வாக்கியங்கள் குறுகியவை.

கணக்கு சொல்லும் பாடம்

ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளிகள். மிகக் குறைந்த மதிப்பெண் 24. மிக உயர்ந்தது 120. கூற்றுகளுள் 16 சமயத்திற்கு ஆதரவானவை, 8 எதிரானவை. எதிரான கூற்றுகளுக்குப் புள்ளிகளைத் தலைகீழாக மாற்றிக் கணக்கிட வேண்டும்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆசிரியர் மனம் கோணக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளைகள் உண்டல்லவா? அத்தகைய பிள்ளை 24 கூற்றுகளையும் முற்றிலும் ஏற்பதாகக் குறித்தால் அதற்குக் கிடைப்பது 120 அன்று. 16 கூற்றுகளுக்கு 80, மற்ற எட்டுக்கு 8, ஆக 88 தான். ஆனால், எல்லாவற்றுக்கும் நடுநிலையாக விடையளித்த பிள்ளைக்கு 72 தான் வரும். ஆகத் தலையாட்டும் பழக்கம் முழுவதுமாக ஈடுசெய்யப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. விடைத்தாளில் பெயர் எழுதச் சொல்லாமலும், வகுப்பாசிரியர் கண்ணில் படாமலும் தாள்களைத் திரட்டுவது இதனால் இன்றியமையாததாகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எதையும் பொருட்படுத்தாமல் நடுவிலேயே குறித்த பிள்ளைக்கு 72. வழிபாட்டை உயிராக நேசித்து, தேவாலயத்தையும் சமயப் பாடத்தையும் அறவே வெறுக்கும் பிள்ளைக்கும் கூட்டுத்தொகை 72 ஆக வர இடமுண்டு. ஒன்று அக்கறையின்மை, மற்றொன்று மனப்போராட்டம். எண்ணோ ஒன்றுதான்!

கண்டறிந்தவை

இவ்வளவுகோலைக் கொண்டு செய்த ஆய்வுகள் இரண்டு செய்திகளை மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. எட்டிலிருந்து பதினாறு வயது வரை, வயது ஏற ஏறச் சராசரி மதிப்பெண் இறங்குகிறது. மேலும், பையன்களைவிடப் பெண்பிள்ளைகளின் சராசரி உயர்ந்திருக்கிறது. 1974 முதல் 1986 வரை இங்கிலாந்தின் இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்ட தொடர் ஆய்வும் சரிவையே காட்டியது.

இவற்றைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். ஒரே நாளில் எட்டு வயதினரையும் பதினாறு வயதினரையும் அளந்தால், நாம் ஒப்பிடுவது வெவ்வேறு பிள்ளைகளை. 'இந்தப் பிள்ளை மாறிவிட்டது' என்று அதிலிருந்து கூற இயலாது. பெருங்குழுவின் போக்கைக் காட்டுவதற்கு உதவும் சராசரி, தனிப்பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் சீட்டாகிவிடக் கூடாது. 60 புள்ளி பெற்ற சிறுவனை 'இறைப்பற்று இல்லாதவன்' என்று பதிவேட்டில் எழுதினால், அளவுகோல் ஆயுதமாகிவிடும்.

நமக்கு இதில் என்ன?

இதே வழியைப் பின்பற்றி, இஸ்லாத்துக்கான சாஹின்-பிரான்சிஸ் அளவுகோல் 2002இலும், இந்து சமயத்துக்கான சந்தோஷ்-பிரான்சிஸ் அளவுகோல் 2008இலும் ஆய்விதழ்களில் வெளிவந்தன. 'தேவாலயம்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் 'கோயில்' என்று எழுதினால் வேலை முடிந்துவிடாது என்பதையே இவை உணர்த்துகின்றன. வீட்டுப் பூசை அறையும் விரதமும் காவடியும் நம் பிள்ளைகளின் சமய உணர்வில் பெற்றுள்ள இடத்தை, தேவாலயத்தை மையமாகக் கொண்ட கூற்றுகள் தொடா. கூற்றுகளைப் புதிதாக எழுதி, சிறு குழுவிடம் சோதித்து, நம்பகத்தன்மையையும் ஏற்புடைமையையும் நிறுவிய பின்னரே ஆய்வில் இறங்க வேண்டும். தமிழில் தருவதானால், எட்டு வயதுப் பிள்ளை வீட்டில் பேசும் தமிழாக அது இருத்தல் நலம்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒருசேரப் பார்க்க எண் உதவும். ஒரு பிள்ளையை அறிய, அதனுடன் அமர்ந்து பேசத்தான் வேண்டும். நாளை ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் பள்ளிகளுக்குள் நுழையவிருக்கும் நாம் இவ்விரண்டின் எல்லையையும் அறிந்து செல்வோமாக.