விலை போடும் முன் பெட்டியை அளந்துவிடுங்கள்

சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்கு மாறும் உறவினர்கள் பலரும் பழைய சாமான்களை ஆன்லைனில் விற்றுத் தரும்படி என்னிடம்தான் சொல்வார்கள். சில ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு கிடைக்கும் என்று. நான் முதலில் பார்ப்பது, அந்தப் பொருள் வாங்குபவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை. தபாலா, கூரியரா, பஸ் பார்சலா, அவரே வந்து தூக்கிப் போவாரா? இது முடிவாகாமல் விலை போடவே கூடாது.

கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அப்படி வரும் கிலோ, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் கூலி. ஒரு பிரம்புக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். 40 × 40 × 30 அளவு, எடை ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் கணக்குப்படி அது 9.6 கிலோ. பத்திரமாகப் போகட்டும் என்று அதை 45 × 45 × 35 அட்டைப்பெட்டியில் வைத்தால் 14 கிலோவைத் தாண்டிவிடும். கூடை உடையும் பொருளா என்ன? சாக்குத் துணியில் இறுக்கிச் சுற்றித் தைத்துவிட்டால் போதும். இன்னொன்றும் செய்வேன். கூடை கேட்பவரிடம், வேறு என்னென்ன இருக்கிறது என்று படம் அனுப்பிவிடுவேன். இடியாப்ப அச்சு, தாம்பாளம், எவர்சில்வர் டப்பா என்று எது வாங்கினாலும் கூடைக்குள்ளேயே அடங்கும். எட்டுக் கிலோ சாமான் வரை உள்ளே போட்டாலும் கூலி ஏறாது. காலி இடத்துக்குக் கொடுக்கும் காசைச் சாமானுக்குக் கொடுப்பதில் இரண்டு பேருக்குமே லாபம்.

அதனால் படம் எடுத்த கையோடு பொருளைக் கட்டி, அளந்து, எடை போட்டுவிடுகிறேன். விளம்பரம் அதற்குப் பிறகுதான். ஊறுகாய் ஜாடியை மட்டும் வெளியூருக்கு அனுப்புவதில்லை. பீங்கான் உடைந்தால் பெரும்பாலும் நஷ்டஈடு கிடைக்காது.

பித்தளை, வெண்கலம் வேறு கணக்கு. இடம் அடைக்காது, எடை இழுக்கும். இதற்கு அடிவிலை ஒன்று உண்டு. பாத்திரக்கடையில் பழைய பித்தளைக்கு அன்றைக்குக் கிலோ என்ன தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஆன்லைன் பக்கமே போக வேண்டும். மூன்று கிலோ குத்துவிளக்கு 2000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் கமிஷன் 10 சதவீதம் என்றால் 200 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாய். கூரியர் 350, அட்டைப்பெட்டியும் டேப்பும் 80. கையில் நிற்பது 1334. கடைக்காரர் கிலோவுக்கு 450 தருவதாக இருந்தால் 1350 ரூபாய் அங்கேயே, அப்போதே கிடைத்துவிடும். வேலைப்பாடுள்ள பழைய விளக்கு என்றால் பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம். சாதாரண விளக்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

கமிஷன் எந்தத் தொகைக்கு என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஈபே பொருளின் விலைக்கு மட்டும் கட்டணம் பிடிப்பதில்லை. அனுப்பும் செலவு, விற்பனை வரி எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும் பிடிக்கிறது. விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பும் செலவை ஏற்றினாலும் அங்கே தப்ப முடியாது. இப்படிப் பிடிக்கும் தளத்தில் கூரியருக்கு 350 ஆகிறது என்று 350 மட்டும் சேர்த்தால் குறையும். கமிஷனும் வரியும் 11.8 சதவீதம் என்றால் 397 சேர்த்தால்தான் 350 கைக்கு வரும்.

பொருள் போய்ச் சேர்ந்தபின் பணம் என்ற ஏற்பாட்டுக்கு, வீட்டுச் சாமானைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வாங்க மறுத்துவிட்டால் போன கூலியும் திரும்பி வந்த கூலியும் பல இடங்களில் விற்பவர் தலையில்தான் விழும்.

கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் உள்ளூரோடு சரி. ஓ.எல்.எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போட்டு, வாங்குபவர் நேரில் வந்து பணம் கொடுத்து எடுத்துப் போனால் கமிஷன் இல்லை. ஆனால் செலவு இல்லாமல் இல்லை. குட்டி யானை எனப்படும் சின்ன சரக்கு வண்டிக்கு வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் உண்டு. இவற்றை யார் தருவது என்ற பேச்சு பீரோ படியில் இறங்கும்போது எழக்கூடாது. "இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, வண்டியும் ஆளும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்" என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டுக் கூப்பிடுபவர்தான் உண்மையில் வாங்குபவர். முன்பணம் அனுப்புகிறேன், உங்கள் யு.பி.ஐ. பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

மிக்ஸி, தையல் மெஷினின் தலைப்பாகம் போன்ற நடுத்தரச் சாமான்களை வெளியூருக்கு ஆம்னி பஸ் பார்சலில் போடுவேன். வாங்குபவர் அந்த ஊர் ஆபீஸில் பணம் கட்டி எடுத்துக்கொள்ளும்படி டு-பே போட்டால் கூலியைப் பற்றிய சண்டையே வராது. பொருளின் விலையை மட்டும் முன்பே வாங்கிவிட வேண்டும். ரசீதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். ஒரு விஷயம், சென்னையில் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், தென்மாவட்டப் பஸ்களில் பார்சல் போட அங்கே வரை போக வேண்டியிருந்தால் ஆட்டோ கூலியே பார்சல் கூலியைத் தாண்டிவிடும். ஊருக்குள் இருக்கும் புக்கிங் ஆபீஸில் வாங்கிக்கொள்வார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

புத்தகங்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை இருந்தது. 2024 டிசம்பரில் மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல்துறை நிறுத்தியபோது, 100 ரூபாய் புத்தகத்தை அனுப்ப ஆகும் செலவைச் சொன்னாலே கேட்பவர்கள் பின்வாங்கினார்கள். எத்தனையோ வீட்டு அலமாரிகள் அப்படியே எடைக்குப் போய்விடுமோ என்று இருந்தது. பிறகு 2025 மே மாதம் அஞ்சல்துறை ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் நாளாகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பாடப் புத்தகம், இலக்கியம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்கள் இதில் போகும். வார, மாத இதழ்களும் விளம்பரம் அச்சிட்டவையும் போகா. இதழ்களிலிருந்து எடுத்து பைண்டு செய்த பழைய தொடர்கதைத் தொகுப்புகளை அதனால் தனியாக எடுத்து வைத்து, கவுன்டரில் காட்டிக் கேட்ட பிறகே விலை சொல்கிறேன். ஐந்து கிலோவைத் தாண்டினால் இரண்டு கட்டாகப் பிரித்து, இரண்டுக்கும் ஆகும் தபால் செலவை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.