பி.எஸ்சி. இயற்பியல்: பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்து இயற்பியல் பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்கள், விளம்பரத்தில் ‘நானோ’, ‘விண்வெளி’ என்ற சொற்களைத் தேடுவதைவிட, 6 பருவங்களின் பாடத்திட்டத்தை வாங்கிப் படிப்பதே நல்லது. இயந்திரவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், ஒளியியல், குவாண்டம் இயற்பியல் எல்லாம் பெரும்பாலும் எங்கும் உண்டு. வேறுபாடு துணைப்பாடத்தில்தான். அங்கே கணிதம் இருக்கிறதா, வகைக்கெழுச் சமன்பாடுகளும் வெக்டர் நுண்கணிதமும் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று பாருங்கள். மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குப் பிறகு அவை வந்தால், மாணவருக்கு மனப்பாடம்தான் மிஞ்சும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டமே கணித முறைகளில்தான் தொடங்குகிறது.

சீக்கிரமே ஒரு சிறப்புப் பிரிவைப் பிடித்தால் வேலை எளிதாகக் கிடைக்காதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்குப் பட்டத்துக்கு மேற்பட்ட தனிப்படிப்பு வேண்டும். வானியற்பியல் ஆய்வுக்கும் அப்படியே. இளநிலையின் ஓரிரு விருப்பப்பாடங்கள் ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்க உதவும், அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். மேற்படிப்பு எண்ணமே இல்லாதவர் மின்னணுவியலையும் கணினி நிரலாக்கத்தையும் எடுக்கலாம். எதுவானாலும், கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.